வெறுங்காற்றில் வீசிய வாள்

2006-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவி, ஒரு மாதம்கூட முடிவதற்குள், அதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவை ஒரு விசித்திரமான சங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தொலைக்காட்சி ரிமோட்டின் வடிவிலிருந்த ஒரு வெள்ளைக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, டென்னிஸ் மட்டையை வீசும் பாவனையிலும், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டக்காரனின் பாவனையிலும் கையை அசைத்தால், திரையிலிருக்கும் பொம்மை மனிதனும் அவ்வாறே ஆடுவான் என்பதுதான் அக்கருவியின் விசேஷம். ஆனால் ஆடியவர்களில் சிலர், பந்தை விடவேண்டிய கணத்தில் கோலையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். மணிக்கட்டோடு கோலைப் பிணைத்திருந்த கயிறு அறுந்தது, கோல் பறந்தது, சில வீடுகளில் அது தொலைக்காட்சித் திரையிலேயே போய் மோதிற்று. 0.6 மில்லிமீட்டர் கனமிருந்த கயிற்றை 1 மில்லிமீட்டராக்கி, ஏறக்குறைய 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக டிசம்பர் நடுவில் நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

வியாபாரக் கண்ணுக்கு இது நஷ்டக் கணக்கு. மனித மனத்தின் இயல்பை ஆராய்கிறவனுக்கோ இதைவிடத் தெளிவான பிரத்தியட்சச் சான்று கிடைப்பது அரிது. கையிலிருப்பது பந்தல்ல, லேசான ஒரு பிளாஸ்டிக் துண்டு என்பதை ஆடுகிறவனுடைய அறிவு ஒரு கணமும் மறக்கவில்லை. மறந்தவை தோளும் விரல்களும்தான். வீடியோ கேம் என்றாலே முகம் சுளித்த பாட்டிமார்களும் அந்தக் கோலை ஆசையோடு வாங்கிப் பார்த்தார்கள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் அதைக்கொண்டு பௌலிங் போட்டிகள் நடந்தன. 10 கோடிக்கு மேல் விற்ற அக்கருவியோடு, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் சேர்த்தே தரப்பட்ட ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற ஆட்டம் மட்டும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிற்று.

அந்த உற்சாகம் நிலைக்கவில்லை. 2012-ல் அதன் வாரிசாக வந்த ‘வீ யு’, 1 கோடியே 36 லட்சத்தோடு நின்றுபோயிற்று. விலை, விளம்பரம், ஆட்டங்களின் பஞ்சம் என்று அதற்குப் பல காரணங்கள் கூறலாம். எனினும், கோலை வீசி மகிழ்ந்த அந்தப் பெருங்கூட்டம் திரும்பி வரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. இதற்கு நேர்மாறாக, மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர், படம் வரையும் வசதியே இல்லாத எலெக்ட்ரோனிகா 60 என்ற யந்திரத்தில், அடைப்புக்குறிகளையே கட்டங்களாக அடுக்கி 1984-ல் உருவாக்கிய டெட்ரிஸ், நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் ஆடப்படுகிறது. சரீரம் முழுவதையும் அழைத்த ஆட்டம் சலித்துப்போக, நாலைந்து பொத்தான்களை மட்டும் கேட்ட ஆட்டம் நிலைத்தது எதனால் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். உடலசைவால் ஆடும் ஆட்டம் எல்லாமே வெறும் வேடிக்கை என்று தீர்ப்புச் சொல்வோர் உண்டு. அந்த அபிப்பிராயம் அவசரமானது. ஏனெனில் உலகம் முழுவதும் முதன்முதலாகப் பிரசித்தி பெற்ற வீடியோ கேமே கையசைவால் ஆடப்பட்டதுதான்.

1972-ல் அட்டாரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் எஞ்சினீயரிடம், நிறுவனர் நோலன் புஷ்னெல் பயிற்சிக்காக ஒரு வேலையைக் கொடுத்தார். இரண்டு மட்டைகள், நடுவே ஒரு பந்து, அவ்வளவுதான். அப்படிப் பிறந்த, நாணயம் போட்டு ஆடும் ‘பாங்’ ஆட்டத்தில் மட்டையை நகர்த்தியது ஒரு திருகு. திருகைக் கால்சுற்றுத் திருப்பினால் மட்டை அதற்கேற்ற தூரம் போகும். வேகமாகத் திருப்பினால் வேகமாகப் போகும். திருப்புவதை நிறுத்திய கணத்திலேயே நிற்கும். ஆல்கார்ன் அத்தோடு நிற்காமல், கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிந்த மட்டையைச் சர்க்யூட்டுக்குள் எட்டுத் துண்டுகளாகப் பிரித்தார். நடுத்துண்டில் பட்ட பந்து நேராகத் திரும்பும், ஓரத்தில் பட்டது சாய்ந்து பாயும். பந்து பலமுறை மாறி மாறி அடிக்கப்பட்டால் அதன் வேகமும் ஏறும். மட்டை திரையின் உச்சிவரை எட்டாமற்போனது சர்க்யூட்டில் இருந்த ஒரு கோளாறு. அதைச் சரிசெய்தால் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் முடிவேயில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் அதை அப்படியே விட்டுவைத்தார். பந்தைத் தடுப்பதை ஒரு குழந்தை ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும். ஆனால் மட்டையின் எட்டாவது துண்டின் ஓரத்தால், ஓடிவரும் பந்தை, எதிரி எட்டாத மூலைக்கு அனுப்புவது என்பது வேறொரு வித்தை. அந்த இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் கடைக்காரர்களின் நாணயப் பெட்டி நிறைந்தது.

இனி வீயின் கோலுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். மோட்டார் கார் மோதும்போது ஏர்பேக்கை விரியச் செய்வதற்கு உதவும் ஜாதியைச் சேர்ந்த ஒரு சில்லு அதன் பிரதான உறுப்பு. முடுக்கமானி எனப்படும் அச்சில்லுக்குள், தலைமயிரைவிட மெல்லிய சிலிக்கான் வில்களில் ஒரு நுண்ணிய சிலிக்கான் கட்டி தொங்குகிறது. கோல் சட்டென்று நகர்ந்தால் கட்டி சற்றே பின்தங்கும். அந்தப் பின்தங்கலை மின்தேக்கத்தின் மாறுதலாக அளந்து கொள்வார்கள். யுக்தி அழகானது, ஆனால் அதன் அறிவு மிகவும் குறுகியது. கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிரேக் போட்டது தெரியும், வளைவில் திரும்பியது தெரியும், எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியாதல்லவா, அதே நிலைமைதான் இதற்கும். போதாக்குறைக்கு, பூமியின் ஈர்ப்பையும் கையின் உந்துதலையும் பிரித்தறிய எந்த முடுக்கமானியாலும் இயலாது; இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பது ஐன்ஸ்டைன் தம்முடைய பொதுச் சார்பியலுக்கு அஸ்திவாரமாகவே கொண்ட உண்மை. முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து இடத்தையும் கணக்கிட்டுவிடலாமே என்று கேட்கலாம். கணக்கிடலாம்தான், ஆனால் அளவில் ஏற்படும் பிழை காலத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தில் நூறில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், பத்து விநாடியில், கை இருப்பதாகக் கணக்கு சொல்லும் இடம் உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் விலகி, அடுத்த வீட்டுக்குள் போய்விடும்.

இதற்கு ஒரு பரிகாரமாகத்தான் கோலின் முனையில் ஒரு சிறு அகச்சிவப்புக் காமிராவும், தொலைக்காட்சியின்மேல் வைக்க ஒரு பட்டையும் கொடுத்தார்கள். அந்தப் பட்டைக்கு உணர்வியின் பெயரைச் சூட்டியிருந்தாலும் அதில் உணர்வது ஒன்றுமில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவே. அதை எடுத்துவிட்டு இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் கோல் திருப்தியோடு வேலை செய்யும் என்பதைப் பலர் வேடிக்கையாகச் செய்து பார்த்தார்கள். ஆனால் கோல் திரையை நோக்கியிருக்கும் வரைதான் இந்த உதவி. டென்னிஸ் வீச்சில் கை தோளுக்குப் பின்னால் போய்விட்டால் காமிராவுக்குத் தெரிவது சுவரும் ஜன்னலும்தான்.

ஆகையால், கை எங்கே இருக்கிறது என்பதை அறியாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆடச் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் அதை வடிவமைத்தவர்களுக்கு ஏற்பட்டது. அவர்கள் அதைச் சமாளித்த சாமர்த்தியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பொம்மை மனிதன் பந்தை நோக்கித் தானே ஓடுகிறான். முன்கையா பின்கையா என்பதில் மட்டும் ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் சுதந்திரம். பந்து போகும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, எந்தக் கணத்தில் வீசினோம் என்பதே. சீக்கிரம் வீசினால் ஒரு பக்கம், தாமதித்து வீசினால் மறுபக்கம். முடுக்கமானி நன்றாக அறிந்த ஒரே விஷயம், ‘இப்போது ஒரு குலுக்கல் நேர்ந்தது’ என்பது. ஆட்டத்தையும் அந்த ஒரே விஷயத்தின்மேல் கட்டிவிட்டார்கள்.

இந்தச் சாமர்த்தியமே பிறகு ஆட்டத்துக்கு வினையாகவும் முடிந்தது. மனித உடல் சக்தியை வீணாக்க விரும்பாத ஒரு கஞ்சன். ஒரு காரியத்தைக் குறைந்த உழைப்பில் செய்ய வழி இருந்தால், எஜமானனைக் கேட்காமலே அந்த வழிக்குப் போய்விடும். முழுக்கையை வீசினாலும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து ஒரே மாதிரி போகிறது என்பதை முதல் வாரத்திலேயே கைகள் கண்டுகொண்டன. அன்றைக்கு டென்னிஸ் மறைந்து, நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தும் ஆட்டமொன்று, பொத்தான் இருந்த இடத்தில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு எஞ்சி நின்றது. பௌலிங் மட்டும் சற்று நெடுநாள் தாங்கியதற்கு, பந்தை விடும்போது மணிக்கட்டு முறுகுவதற்கேற்பப் பந்து வளைந்து போனதே காரணமென்று நினைக்கிறேன். கற்க அங்கே இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. வீ ஸ்போர்ட்ஸிலேயே இருந்த குத்துச்சண்டையைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பதே மரியாதை.

2009-ல் கோலின் அடியில் செருகிக்கொள்ளும் ஒரு துணைக்கருவி வந்தது. அதற்குள் இருந்தவை கைரோஸ்கோப் சில்லுகள்; இடைவிடாமல் அதிரும் ஒரு நுண்ணிய கட்டி, கோல் சுழலும்போது பக்கவாட்டில் தள்ளப்படுவதை அளந்து, சுழற்சியின் வேகத்தைச் சொல்பவை. அதை நம்பி 2011-ல் வெளிவந்த, நின்டெண்டோவின் செல்டா வரிசையைச் சேர்ந்த ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்’ ஆட்டத்தில், எதிரி தன் ஆயுதத்தை இடப்பக்கம் பிடித்தால் நாம் வலப்பக்கமிருந்து வெட்டவேண்டும். சும்மா குலுக்கிப் பயனில்லை. வீயின் முதல் நாளில் ஜனங்கள் கற்பனை செய்த வாள் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது போலத் தோன்றியது. ஆயினும் அவ்வாட்டம் ரசிகர்களை இரு கட்சியாகப் பிரித்தது. 2021-ல் புதுக்கருவிக்காக மீண்டும் வெளியிட்டபோது, வாளை வீசாமல் பொத்தானும் குச்சியும் கொண்டே ஆடும் மாற்றுவழியையும் சேர்த்தார்கள். என்ன குறை? திரையில் எதிரியின் கேடயத்தில் வாள் மோதி நின்றுவிடுகிறது. வெறுங்காற்றில் வீசிய நம் கையோ எதிலும் மோதாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கணத்தில் கண் ஒரு சாட்சியம் சொல்ல, தசை வேறொரு சாட்சியம் சொல்கிறது.

இந்த முரண்பாடு நமக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதை அறிய, வாசகர் இங்கேயே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளி ஓரத்தை இமையின்மேல் விரலால் மிக மெதுவாகத் தொட்டு அழுத்தினால், எதிரே இருக்கும் சுவர் நகர்வது போலத் தெரியும். ஆனால் அதே கண்ணை நாமாகவே இடமும் வலமும் உருட்டும்போது, விழித்திரையில் பிம்பம் அதைவிட அதிகமாக ஓடினாலும், சுவர் அசையாமல் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சிந்தித்த இந்த விந்தைக்கு, 1950-ல் வான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: தசைக்கு உத்தரவு அனுப்பும்போதே நரம்பு மண்டலம் அந்த உத்தரவின் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இனி இன்ன புலனுணர்வு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறது, வந்தது எதிர்பார்த்ததோடு பொருந்தினால் ‘இது என் செயல்’, பொருந்தாவிட்டால் ‘இது புறத்தே நிகழ்ந்தது’. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். 1990-களின் இறுதியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சாரா ஜேன் பிளேக்மோரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சியில், ஒருவர் இடக்கையால் ஒரு ரோபோவை அசைக்க, மற்றொரு ரோபோ அவ்வசைவையே திருப்பிச் செய்து, அவருடைய வலது உள்ளங்கையை ஒரு மென்பஞ்சால் வருடியது. உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. அசைவுக்கும் வருடலுக்கும் இடையே 100, 200, 300 மில்லிவிநாடி என்று தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கூச்சமும் கூடியது. தம் கையே செய்த காரியம், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறர் செய்ததாகிவிட்டது!

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010 நவம்பரில் வெளியிட்ட கினெக்டின் கதையை இந்த வெளிச்சத்தில் வாசிக்கவேண்டும். கையில் கோலே வேண்டாம், உடலே போதும் என்ற வாக்குறுதியோடு வந்த அக்கருவி, அறை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை இறைத்து, அவை விழும் விதத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டு, மனிதனின் மூட்டுகளை அடையாளம் கண்டது. விஞ்ஞான சாதனை என்ற முறையில் அது வீயைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ஆனால் அதன் காமிரா விநாடிக்கு 30 படங்கள்தான் எடுக்கும். பார்ப்பதற்கே 33 மில்லிவிநாடி, அதன்பின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு, அதன்பின் தொலைக்காட்சியின் சொந்தத் தாமதம். எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு விநாடியை எளிதில் தாண்டிவிடும். திரையில் ஆடும் உருவம் நம்மைப் பின்பற்றுகிறதே ஒழிய, நாமாக ஆவதில்லை. 2017-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆட்டக்காரர்கள் கைவிட்ட அக்கருவியை ரோபோ ஆராய்ச்சியாளர்கள் விரும்பி எடுத்துக்கொண்டது வேறு கதை.

கினெக்டில் நன்றாக ஆடத்தக்கதாக இருந்தவை பெரும்பாலும் நடன ஆட்டங்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நடனத்தில் எதையும் தொடவேண்டியதில்லை. ஆகவே மோதலின் பொய்யும் இல்லை. தாளம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஆடுகிறவன் திரையின் மறுமொழிக்குக் காத்திராமல் சங்கீதத்தை அனுசரித்து ஆடுகிறான். யந்திரம் பின்னால் வந்து கணக்குப் பார்த்துக்கொள்கிறது.

உடலசைவை யந்திரம் இரண்டு விதமாகக் கையாளலாம் என்பது இதிலிருந்து புலப்படும். அசைவு முடியும்வரை காத்திருந்து, அது இன்ன சைகை என்று தீர்ப்புக் கூறிப் பிறகு பலன் தருவது ஒன்று. அசைவின் ஒவ்வொரு கணத்துக்கும் அந்தந்தக் கணமே பதில் சொல்வது மற்றொன்று. முன்னதில், தீர்ப்புத் தவறினால் ஆடுகிறவனுக்கு எங்கே தவறினோம் என்பதே தெரியாது. பின்னதில் யந்திரத்தின் அளவை பிசகினாலும் பெரிய கெடுதியில்லை. ஏனென்றால் கண் திரையைப் பார்த்துக்கொண்டே கையைத் திருத்துகிறது. 2015-ல் வந்த ‘ஸ்ப்ளட்டூன்’ என்ற, மையைப் பீய்ச்சிச் சண்டையிடும் ஆட்டத்தில், கருவியைப் பிடித்த கைகளைச் சில பாகை அளவே சாய்த்துக் குறிபார்க்க வேண்டும். பெருந்திருப்பங்களுக்குக் கட்டைவிரலின் கீழுள்ள குச்சி, நுண்ணிய திருத்தங்களுக்குக் கைரோஸ்கோப். அதன் கணக்கு மெல்ல மெல்ல நழுவத்தான் செய்யும். நழுவியதை நேராக்க ஒரு பொத்தானையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நழுவலை ஆடுகிறவன் லட்சியம் செய்வதேயில்லை, குறி இலக்கில் படும்வரை கை தானே திருத்திக்கொள்கிறது. வாளை வீசச் சொன்ன ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இதில் உடலின் பங்கு அற்பம். என்றாலும் பழகியவர்களுக்கு இந்த முறையை விட்டு வெறும் குச்சிக்குத் திரும்ப மனம் ஒப்புவதில்லை.

பழக்கம் என்றோம். 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிலையத்தில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளிகளின் கைகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, அவற்றின் பாதையைப் படம் பிடித்தார். ஆயிரம் தடவை அடித்துக் கைதேர்ந்தவனுடைய மூட்டுகளின் அசைவுகூட ஒரு அடிக்கும் மறு அடிக்கும் ஒன்றாக இல்லை. சுத்தியலின் முனை மட்டும் ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது. தோள் சற்றுப் பிசகினால் முழங்கை ஈடுகட்டியது, முழங்கை பிசகினால் மணிக்கட்டு. அப்பியாசம் என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதன்று, ஒரே பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆட்டம் நெடுங்காலம் சுவைப்பதன் இரகசியத்தை இதைவிட நன்றாக வேறெவரும் விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆழ்ந்து ஒன்றிப்போகும் மனநிலை பற்றி உளவியலாளர் சிக்ஸென்ட்மிஹாயி எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் அது விளைவின் வர்ணனை. ஒரு ஆட்டம் முதல் நாளிலும் நூறாவது நாளிலும் கைக்கு ஒரு புதுப் பிரச்சினையைத் தரவேண்டும். தவறும்போது இவ்வளவு தவறினாய் என்று உடனே காட்டவேண்டும்.

பிராகா நகரில் ஒரு சிறு குழு உருவாக்கி 2018-ல் வெளியிட்ட ‘பீட் சேபர்’, வீ எழுப்பிய ஆசைகளுக்கு மிகவும் யோசித்துத் தந்த விடை என்று கருதுகிறேன். தலையில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டவனை நோக்கிச் சிவப்பும் நீலமுமான கட்டிகள் தாளத்தோடு பறந்து வருகின்றன. இரு கைகளிலும் உள்ள ஒளிவாள்களால், கட்டியிலுள்ள அம்பு காட்டும் திசையில் அவற்றை வெட்டவேண்டும். உலோக வாளைக் கொடுக்காமல் ஒளிவாளைக் கொடுத்தது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. இந்த ஒளிவாளுக்குக் கனமில்லை, அது கட்டிகளைத் தடையின்றி ஊடுருவிப் போகும், ஆகவே வெறுங்காற்றில் போகும் கைக்கும் திரையில் போகும் வாளுக்கும் இடையே சச்சரவே எழாது. வெட்டிய கணத்தில் கைப்பிடி ஒரு சிறு அதிர்வைத் தருகிறது. தசைக்கு அந்தப் பொய் போதுமானதாக இருக்கிறது. சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டும் கஞ்சத்தனத்துக்கும் இவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரு கட்டிக்கு அதிகபட்சம் 115 புள்ளி; அவற்றுள் நட்டநடுவில் வெட்டியதற்குக் கிடைப்பது 15-தான்; வெட்டுக்கு முன் வாள் 100 பாகை சுழன்று வந்திருந்தால் 70, வெட்டிய பின் 60 பாகை தொடர்ந்து போனால் 30. பாவனையை முழுதாகச் செய்பவனுக்கே முழுக் கூலி.

ஆனால் உடல் தன் சுபாவத்தை விட்டுவிடுமா? வேகம் மிகுந்த பாடல்களில் தேர்ந்தவர்கள் ஆடுவதைப் பார்த்தால், தோளும் முழங்கையும் அதிகம் அலட்டிக்கொள்ளாமல், மணிக்கட்டு ஒன்றே அந்த 100 பாகையையும் 60 பாகையையும் ஏறக்குறையத் துல்லியமாக அளந்து சுழல்வதைக் காணலாம். டென்னிஸைக் கெடுத்த அதே சிக்கனம்தான் இது. அங்கே முதல் வாரத்திலேயே கைக்கு வந்தது, இங்கே பல மாத அப்பியாசத்துக்குப் பிறகுதான் வருகிறது.